மூன்று தோல் சாக்கு: ஏழு அறுவடைக்குப் பிறகு

2019 ஜனவரியில் விடுமுறை முடிந்து தானியக் கிடங்கைத் திறந்தேன். தரையெல்லாம் மாவு. சமையற்கட்டுப் பெண்கள் மில்லிலிருந்து வந்த மாவைச் சிந்திவிட்டார்கள் என்று நினைத்துச் சத்தம் போட்டேன். பிறகுதான் தெரிந்தது, மில்லுக்கு ஒரு மூட்டைகூடப் போகவில்லை. மூட்டைக்குள்ளேயே அரைத்து வெளியே தள்ளியிருந்தது வண்டு. அந்த வண்டைத் தடுக்க நான் வாங்கிய ‘பிக்ஸ்’ என்ற மூன்று தோல் தானியச் சாக்கைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

டான்சானியாவின் வடபகுதியில், பாபாட்டி என்ற ஊருக்குப் பக்கத்தில், ஒரு பெண்கள் உறைவிடப் பள்ளியில் நான் கணித ஆசிரியை. வந்தது 2016 ஜனவரியில். கணக்கு சொல்லித்தருகிறவளுக்குக் கணக்கு எழுதவும் வரும் என்ற நம்பிக்கையில் விடுதிச் சாப்பாட்டுப் பொறுப்பையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். மாணவிகள் 140 பேர். காலையில் உஜி என்கிற கஞ்சி, மதியம் மக்காச்சோளமும் பீன்ஸும் சேர்த்து வேகவைத்த மகாண்டே, இரவில் உகாலி என்கிற கெட்டிக் களி. மூன்றுக்கும் முதல் ஒன்றே, மக்காச்சோளம். எனக்குச் சொந்த ஊர் விளாத்திகுளம் பக்கம். அங்கே கரிசலில் மானாவாரியாக விளைகிற மக்காச்சோளம் லாரி ஏறி நாமக்கல் கோழிகளுக்குப் போகிறது. இங்கே அது மனிதர்களின் உயிர்ச்சோறு. கிடங்கில் பத்து மூட்டை போனால் எங்கள் பள்ளிக்கு அது பதினெட்டு நாள் சாப்பாடு.

அந்த ஜனவரியில் 27 மூட்டைகளைச் சலித்து எடை போட்டேன். ஜூலையில் நூறு கிலோ இருந்த மூட்டை, சராசரியாக 81 கிலோ. மிச்சம் மாவு, சொத்தை, வண்டு. 81 என்பதும் பெரிய மனதுடன் போட்ட கணக்குதான். அதில் பாதி மணிகளில் ஓட்டை இருந்தது.

இந்த வண்டின் பெயர் ஸ்கானியா. ஆமாம், லாரியின் பெயர்தான். மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்து வண்டு இது. அங்கே மரத்தையும் துளைத்து வாழ்ந்துகொண்டிருந்தது. 1980களின் தொடக்கத்தில் டான்சானியாவின் டபோராப் பகுதியில் முதன்முதலாகக் கண்டுபிடித்தார்கள். பிறகு ஆப்பிரிக்காவின் பெரும்பகுதிக்குப் பரவிவிட்டது. எதிரே எது வந்தாலும் ஏறி மிதித்துக்கொண்டு போகும், அதனால் லாரியின் பெயர் என்று எங்கள் காவலாளி விளக்கினார். நம்மூர்க் கூன்வண்டு இதற்குப் பக்கத்தில் சாது. அமெரிக்காவிலிருந்து வந்தவை என்று பார்த்தால், 2016இல் ஆப்பிரிக்காவுக்கு வந்து 2018இல் இந்தியாவுக்கும் தாவிய படைப்புழுவும் அதே வழிதான். விளாத்திகுளத்தில் என் தம்பி வயலில் தின்றுகொண்டிருக்கும் அதே புழு, இங்கே பள்ளிக்குப் பின்னாலுள்ள வயலிலும் குருத்தைத் தின்றுகொண்டிருக்கிறது. மக்காச்சோளமே அமெரிக்காவிலிருந்து வந்ததுதானே. சோறு வந்த வழியிலேயே பந்திக்கு ஆளும் வந்திருக்கிறது.

பிக்ஸ் சாக்குக்கு முன்னால் நாங்கள் செய்தது எல்லோரும் செய்வதுதான். சாதாரண யூரியாச் சாக்கு போன்ற பிளாஸ்டிக் சாக்கு, அதற்குள் பூச்சிக்கொல்லித் தூள். தூளைக் கலக்கும் நாளில் சமையற்கட்டுப் பொறுப்பாளருக்குக் கண் எரிந்து தண்ணீர் கொட்டும். அவரை எல்லோரும் ‘மாமா’ என்பார்கள். ஸ்வாஹிலியில் மாமா என்றால் அம்மா. அறுபது வயதுப் பெண்மணியை ‘மாமா’ என்று கூப்பிட எனக்கு நாக்கு வளைய ஓர் ஆண்டு ஆயிற்று. மாமா கலந்த தூள் இரண்டு மூன்று மாதம் வேலை செய்யும். அதன் பிறகு மறுபடி கொட்டிக் கலக்க வேண்டும். 27 மூட்டையை மறுபடி கொட்டிக் கலக்க யாருக்கு முதுகு இருக்கிறது?

பிக்ஸ் சாக்கை எனக்குக் காட்டியவர் காவலாளிப் பெரியவர்தான். தன் வீட்டில் துவரையை அதில்தான் கட்டி வைத்திருந்தார். 2019 ஜூலையில் நான் அறுபது சாக்கு வாங்கினேன், ஒன்று 5,000 சில்லிங். சாதாரணச் சாக்கு அப்போது ஆயிரம். தலைமையாசிரியை என்னை ஒரு மாதிரி பார்த்தார். அதற்கு முந்தைய மாதம், ஜூன் முதல் தேதியிலிருந்துதான் நாட்டில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்திருந்தது. சந்தையில் தக்காளி வாங்கினால் கையில் ஏந்திக்கொண்டு வர வேண்டிய நாட்களில், நான் லாரியில் 120 பிளாஸ்டிக் உறைகளை இறக்கினேன். வேளாண் பொருட்களுக்குத் தடையில் விலக்கு உண்டு என்பதை இரண்டு பேரிடம் விளக்கவேண்டி வந்தது.

120 எப்படி என்றால், ஒவ்வொரு சாக்கும் மூன்று தோல் கொண்டது. வெளியே வழக்கமான நெய்த சாக்கு. அதற்குள் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பாலித்தீன் உறைகள், ஒவ்வொன்றும் 80 மைக்ரான் கனம். கையில் எடுத்தால் மொடமொடவென்று இருக்கும். காய்கறிப் பை மாதிரி குழையாது. விசேஷ மருந்து எதுவும் இல்லை, வால்வு இல்லை, இயந்திரம் இல்லை. பார்த்தால் இதற்கா ஐயாயிரம் என்றுதான் தோன்றும்.

விஷயம் காற்றில் இருக்கிறது. 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்துப் பூச்சியியலாளர் லாரி மர்டாக்கும் அவரது குழுவினரும் கேமரூனில் தட்டாம்பயறு உழவர்களுடன் வேலை செய்தபோது உருவானது இது. தட்டாம்பயற்றில் பயறு வண்டு விழுந்தால் சில மாதங்களில் சாக்கு முழுக்கச் சல்லடை. அதைக் காற்றுப் புகாமல் கட்டினால், உள்ளே இருக்கும் வண்டுகளே மூச்சுவிட்டு ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். சில நாட்களில் தின்பதை நிறுத்திவிடும். ‘பிக்ஸ்’ (PICS) என்ற பெயரில் உள்ள C முதலில் Cowpea, அதாவது தட்டாம்பயறு மட்டுமே. 2007க்குப் பிறகு கேட்ஸ் அறக்கட்டளைப் பணத்தில் மேற்கு ஆப்பிரிக்கா முழுக்கப் பரவி, மற்றத் தானியங்களுக்கும் வேலை செய்கிறது என்று தெரிந்ததும், அதே எழுத்துகளை வைத்துக்கொண்டு Crop, அதாவது பொதுவான ‘பயிர்’ என்று மாற்றிக்கொண்டார்கள்.

எனக்குப் பிடித்தது மர்டாக்கின் குழு பின்னால் கண்டுபிடித்தது. 2012இல் வெளியிட்டார்கள். வண்டு மூச்சு முட்டிச் சாகவில்லையாம், தாகத்தில் சாகிறது. காய்ந்த பயற்றுக்குள் வாழும் பூச்சிக்குக் குடிக்கத் தண்ணீர் ஏது? தின்றதை ஆக்சிஜனால் எரித்துத்தான் தனக்கு வேண்டிய நீரைத் தன் உடம்பிலேயே தயாரித்துக்கொள்கிறது. ஆக்சிஜன் நின்றால் நீர் நிற்கிறது. உடம்பு வற்றிச் சாகிறது. பத்தாம் வகுப்பு மாணவிகளுக்கு இதைச் சொன்னபோது ஒருத்தி, “பாவம்” என்றாள். அவள் அன்று இரவு இரண்டு முறை உகாலி வாங்கியதையும் நான் பார்த்தேன்.

கட்டும் முறைக்கு வருகிறேன். இந்தச் சாக்கின் உயிர் அதில்தான் இருக்கிறது. முதலில் ஒவ்வொரு உறையிலும் காற்றை அடைத்து, வாயைப் பிடித்துக்கொண்டு அழுத்திப் பார்க்க வேண்டும்; எங்கேயாவது ஓட்டை இருந்தால் கன்னத்தில் காற்று படும். தானியத்தில் கட்டைத் துண்டு, கல், கூரான எதுவும் இருக்கக் கூடாது. உள்ளுறையில் கொட்டிக் குலுக்கி, மூலைகளில் நிற்கும் காற்றை உள்ளங்கையால் அழுத்தி வெளியேற்றி, மேலே ஓர் அடிக்கு வெறும் உறையை விட்டு, அதை முறுக்கி, மடித்து, கயிற்றால் இறுக்கிக் கட்ட வேண்டும். பிறகு இரண்டாவது உறையை அதேபோல. பிறகு வெளிச்சாக்கு. மாமா ஒரே நாளில் கற்றுக்கொண்டார். எனக்கு மூன்று நாள் ஆயிற்று. முறுக்குவதில் எனக்கு எப்போதுமே கை சரியில்லை. தீபாவளி முறுக்குக்கும் அம்மா என்னை விட்டதில்லை.

கட்டியபின் திறக்கக் கூடாது. குறைந்தது இரண்டு மாதமாவது. ‘என்ன ஆயிற்று பார்ப்போம்’ என்ற ஆசைதான் இந்தச் சாக்கின் முதல் எதிரி. எலி இரண்டாவது எதிரி. வண்டு மூன்றாவதுதான்.

சாக்கை நான் நம்பத் தொடங்கியது 2020இல். மார்ச் 17 அன்று நாடு முழுக்கப் பள்ளிகளை மூடினார்கள். மாணவிகள் மூன்று நாளில் வீடு போய்ச் சேர்ந்தார்கள். கிடங்கில் 22 மூட்டை, 2019 ஜூலையில் கட்டியவை, அப்படியே நின்றன. அந்த ஆண்டு மழையும் விடாது கொட்டியது. பாபாட்டி ஏரி கரை நிறைந்து, நீர்யானைகள் இரவில் யார் தோட்டத்துக்கு வரும் என்று சொல்ல முடியாத நாட்கள். ஜூன் 29 அன்று பள்ளி திறந்தது. மறுநாள் நானும் மாமாவும் காவலாளிப் பெரியவரும் முதல் மூட்டையை அவிழ்த்தோம். ஒரு முழு ஆண்டு. நான் மூக்கைப் பொத்தத் தயாராகக் கையை உயர்த்திவிட்டேன்.

புதுச் சோளத்தின் வாசனை வந்தது. களத்திலிருந்து அன்று வந்தது போன்ற, சற்றே இனிப்பான, காய்ந்த வைக்கோல் கலந்த வாசனை. பெரியவர் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக் கடித்தார், ‘கடக்’ என்றது. உறையின் அடியில் ஏழெட்டு வண்டுகள் கிடந்தன, தவிடு போல் காய்ந்து. 22 மூட்டையில் இரண்டில் மட்டும் உள்ளுறையில் பொடி ஓட்டைகள் இருந்தன. சாவதற்கு முன்னால் ஸ்கானியா பிளாஸ்டிக்கையும் துளைத்துப் பார்த்திருக்கிறது. இரண்டாவது உறை காப்பாற்றிவிட்டது. ஓர் உறை மட்டும் உள்ள மலிவுச் சாக்குகளை நான் வாங்காததற்குக் காரணம் அந்த இரண்டு மூட்டைகள்தான். எடை போட்டேன். மிகக் குறைந்தது 98 கிலோ.

எங்கள் தாத்தா வீட்டில் களிமண்ணால் செய்த குலுக்கை இருந்தது. கம்பைக் கொட்டி, வாயைச் சாணமும் மண்ணும் குழைத்துப் பூசி அடைத்துவிடுவார்கள். ‘அடிக்கடி திறக்காதே’ என்று ஆச்சி கத்துவது காதில் இருக்கிறது. இங்கேயும் கிஹெங்கே என்ற பின்னல் குதிர் உண்டு, சில வீடுகளில் இன்னும் நிற்கிறது. ஸ்கானியாவுக்கு முன்னால் அது தாக்குப்பிடிக்கவில்லை. தகரக் குதிர்கள் நன்றாக வேலை செய்கின்றன என்பதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அதன் விலைக்கு ஒரு சிறு உழவர் ஆட்டை விற்க வேண்டும்.

குறைகளைச் சொல்லாமல் விட்டால் இது விளம்பரம் ஆகிவிடும்.

சாக்கு தானியத்தைக் காய வைக்காது. போட்டது போட்டபடி வைத்திருக்கும், அவ்வளவே. 2022 ஜூனில் அவசரப்பட்டு முன்னறுவடைச் சோளம் ஆறு மூட்டை வாங்கி, வெயிலில் போடாமல் கட்டிவிட்டேன். அக்டோபரில் திறந்தபோது புளித்த கள் வாசனை. மணிகள் ஒட்டிக்கொண்டு கட்டியாக இருந்தன. கோழிக்காவது போடலாம் என்று ஒருவர் கேட்டார். மறுத்துக் குழி தோண்டிப் புதைத்தேன். காரணம் உண்டு. நான் வந்த 2016ஆம் ஆண்டிலேயே இந்த மன்யாரா மாகாணத்திலும் பக்கத்து டோடோமாவிலும் பூஞ்சை நஞ்சு கலந்த மக்காச்சோளம் தின்று மனிதர்கள் இறந்தார்கள். 2004இல் கென்யாவின் கிழக்குப் பகுதியில் 317 பேர் அஃப்ளாடாக்ஸின் என்ற அதே பூஞ்சை நஞ்சால் பாதிக்கப்பட்டு 125 பேர் இறந்தார்கள். வேகவைத்தாலும் போகாத நஞ்சு அது. ஈரப்பதம் பதின்மூன்று சதவீத அளவுக்கு இறங்காமல் கட்டவே கூடாது. ஈரமானி இல்லையென்றால் உப்புச் சோதனை: நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் போத்தலில் ஒரு கை தானியமும் கொஞ்சம் காய்ந்த உப்பும் போட்டுக் குலுக்கிச் சிறிது நேரம் வைக்க வேண்டும். உப்பு போத்தலின் சுவரில் ஒட்டினால் தானியம் ஈரம். இப்போது என் மேசையில் ஒரு போத்தல் எப்போதும் நிற்கிறது. உள்ளூர் உழவர்கள் அதை ‘ம்வாலிமுவின் மருந்து’ என்கிறார்கள். ம்வாலிமு என்றால் ஆசிரியர்.

அடுத்தது கிடைப்பது. மே மாதத்தில் கேட்டால் எந்த இடுபொருள் கடையிலும் அடுக்கி வைத்திருப்பார்கள். ஜூலையில், அதாவது உண்மையில் வேண்டிய மாதத்தில், ‘நாளைக்கு வாருங்கள்’. 170 கிலோமீட்டர் தள்ளி அருஷாவுக்கு ஒருமுறை பஸ்ஸில் போய் வாங்கி வந்தேன். இன்னொரு முறை பஸ் நிலையத்து வாசலில் ஒருவர் பாதி விலைக்குக் கொடுத்த இருபது சாக்குகளை வாங்கினேன். வெளியே அச்செல்லாம் அச்சு அசல். உள்ளே தாள் போல மெலிந்த ஒரே உறை. மூன்று மாதத்தில் மறுபடி தரையில் மாவு. கடித்தவன் வண்டு என்றாலும் ஏமாந்தவள் நான்தான். உறைகளை எண்ணிப் பார்க்கக் கணித ஆசிரியைக்கு ஒரு நிமிடம் போதும்.

எடையும் பெண்களுக்குச் சிரமம். நூறு கிலோ மூட்டையை இரண்டு ஆண்கள்தான் நகர்த்த முடியும். ஐம்பது கிலோ அளவு இருக்கிறது, ஆனால் விலை பாதி அல்ல. சிறு குடும்பத்துக்கு இன்னொரு சிக்கல்: நூறு கிலோவை அவிழ்த்துத் தினமும் அள்ளினால் காற்று உள்ளே போய்க்கொண்டே இருக்கும். எங்களுக்கு ஒரு மூட்டை இரண்டு நாளில் தீர்ந்துவிடுவதால் கவலையில்லை. வீட்டுக்கு வாங்குகிறவர்கள் ஐம்பது கிலோவே வாங்குங்கள்.

நீடிப்பு பற்றி: 2019இல் வாங்கிய அறுபதில் மூன்றாவது அறுவடைக்கு 41 நன்றாக இருந்தன, ஐந்தாவதுக்கு 17. சின்ன ஓட்டைகளுக்கு ஒட்டுநாடா போதும். கழித்த உறைகள் நாற்றங்காலுக்கு மூடாக்காகப் போகின்றன. மூட்டைக்குப் பதினைந்து கிலோ மிச்சம் என்று குறைத்தே வைத்தாலும், பிப்ரவரி விலையில் கிலோ 800 சில்லிங் என்றால் 12,000. மூன்று அறுவடைக்குப் பங்கிட்டால் சாக்கின் செலவு ஆண்டுக்கு 1,700கூட இல்லை. தலைமையாசிரியை இப்போதெல்லாம் என்னை ஒரு மாதிரி பார்ப்பதில்லை.

எதிர்பாராத நன்மை ஒன்று. இங்கே மூட்டையைக் குனியா என்கிறார்கள், நம் கோணிக்கு உறவு போலக் காதில் விழுகிறது. அந்தக் குனியாவில் லும்பேசா என்று ஒரு வித்தை உண்டு. நூறு கிலோச் சாக்கின் தலையில் இன்னும் இருபது கிலோ கூம்பாகக் குவித்து, வலையால் தைத்து, நூறு கிலோ விலைக்கே வியாபாரி வாங்கிப்போவார். சட்டப்படி கூடாது, சாலையோரம் தினமும் பார்க்கலாம். பிக்ஸில் லும்பேசா கட்ட முடியாது. முறுக்கி மடிக்க மேலே ஓர் அடி வெற்றிடம் வேண்டுமே! கூம்பு வைத்தால் கழுத்து கிடையாது. தரகர்களுக்கு இந்தச் சாக்கைப் பிடிக்காததற்கு வேறு காரணமும் இருக்கலாம், ஆனால் இது ஒன்று என்பது என் ஊகம். தரகர்கள் தங்கள் சாக்கைக் கொண்டுவந்து தானியத்தை அதில் மாற்றிக்கொள்கிறார்கள்.

ஆனால் விலையை இந்தச் சாக்கு கட்டிவைக்காது. காவலாளிப் பெரியவரின் துவரையைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? இந்தப் பக்கம் மக்காச்சோளத்தின் ஊடே துவரை விதைப்பார்கள்; ம்பாஸி என்று பெயர். உள்ளூரில் அதிகம் தின்ன மாட்டார்கள், பெரும்பகுதி இந்தியாவுக்கு. நம் சாம்பாருக்குத்தான். 2017 ஆகஸ்டில் இந்தியா துவரை இறக்குமதியை ஆண்டுக்கு இரண்டு லட்சம் டன் என்று வரம்பு கட்டியது. அங்கே அமோக விளைச்சல், உள்ளூர் உழவர்களைக் காக்க வேண்டும்; நியாயம்தான். இங்கே விலை தரைக்கு வந்துவிட்டது. பெரியவர் எட்டு மூட்டையையும் பிக்ஸில் கட்டி, விலை ஏறும் என்று எட்டு மாதம் காத்திருந்தார். ஒரு பருப்பில்கூட ஓட்டை விழவில்லை. விலை மட்டும் ஏறவில்லை. “உங்கள் ஊர்க்காரர்கள் குழம்பு வைப்பதை நிறுத்திவிட்டார்களா, ம்வாலிமு?” என்று என்னைக் கேட்டார். அதே ஆண்டு மக்காச்சோள ஏற்றுமதிக்கும் இந்த நாட்டு அரசு தடை போட்டது.

2014இல் மலாபோ நகரில் ஆப்பிரிக்கத் தலைவர்கள் கூடி, அறுவடைக்குப் பிந்தைய இழப்பை 2025க்குள் பாதியாகக் குறைப்போம், பசியை ஒழிப்போம் என்று கையெழுத்திட்டார்கள். அதற்கு முன்பு 2003இல் மபூட்டோவில், வரவு செலவில் பத்து சதவீதம் வேளாண்மைக்கு என்று உறுதிமொழி. 2025 ஜனவரியில் கம்பாலாவில் அடுத்த பத்தாண்டுக்குப் புதிய உறுதிமொழி. எங்கள் கிடங்கில் இழப்பு பாதிக்கும் மிகக் கீழே போய்விட்டது. ஆனால் நாங்கள் ஒரு பள்ளிக்கூடம். ஜூலையில் மொத்தமாக வாங்கி வைக்கப் பணம் இருக்கிறவர்கள்.

அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்கு உறைக்க நான்கு அறுவடை ஆயிற்று. இங்கே இரண்டாம் பருவம் ஜூலையில் தொடங்குகிறது. கட்டணமும் அப்போதுதான். அப்பாக்களும் அம்மாக்களும் அறுவடை முடிந்த கையோடு கிலோ 450 சில்லிங்குக்குத் தரகரிடம் விற்று, அந்த நோட்டுகளை என் மேசையில் எண்ணி வைக்கிறார்கள். அந்தப் பணத்தில் நான் அதே தரகரிடம், ஒருவேளை அவர்களுடைய சோளத்தையே, மலிவாக வாங்கிச் சாக்கில் கட்டுகிறேன். பிப்ரவரியில் அவர்கள் 800 கொடுத்து வாங்கித் தின்கிறார்கள். அவர்கள் வீட்டிலும் பிக்ஸ் சாக்கு இருக்கிறது. பலர் என்னிடமே கட்டக் கற்றுக்கொண்டவர்கள். கட்டி வைக்கத்தான் ஜூலையில் எதுவும் மிஞ்சுவதில்லை. வண்டைத் திட்டிக்கொண்டிருந்த இத்தனை நாளும் கட்டண அட்டவணையை நான் பார்க்கவே இல்லை.

தலைமையாசிரியையிடம் பேச ஒரு மாதம் ஆயிற்று. 2023லிருந்து ஓர் ஏற்பாடு: விரும்பும் குடும்பம் காய்ந்த சோளத்தை, உப்புச் சோதனை முடித்து, தங்கள் பிக்ஸ் சாக்கிலேயே எங்கள் கிடங்கில் வைக்கலாம், கட்டணத்தை ஜனவரி வரை தள்ளிக்கொள்ளலாம், அப்போது பாபாட்டிச் சந்தை என்ன விலையோ அந்த விலைக்குப் பள்ளி எடுத்துக்கொள்ளும். முதல் ஆண்டு ஏழு குடும்பம், இரண்டாம் ஆண்டு பதினொன்று, போன ஆண்டு பத்தொன்பது. இதனால் பள்ளிக்கு விடுதிச் செலவு கூடியிருக்கிறது, மறைக்கவில்லை. கணக்கேட்டில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். தலைமையாசிரியை ஒவ்வொரு ஜனவரியும் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பெருமூச்சு விடுகிறார், பிறகு கையெழுத்திடுகிறார்.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: ஐந்துக்கு நான்கு. ஒன்றைக் குறைத்தது ஜூலையில் கிடைக்காததற்கு. வாங்குகிறவர்கள் மே மாதத்தில் வாங்குங்கள், கடையிலேயே பிரித்து உள்ளே இரண்டு உறை இருக்கிறதா என்று எண்ணுங்கள், சுவரில் சாய்க்காமல் பலகை மேல் அடுக்குங்கள்.

இந்த ஆண்டு இருபத்தெட்டுக் குடும்பம் பெயர் கொடுத்திருக்கிறது. கிடங்கில் பலகை போதாது என்று மாமா நேற்றுக் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்; தச்சரை வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.